கல், கம்பி, கான்கிரீட்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டுக்கு எதை எங்கே வைப்பது

"இரும்புல கட்டலாமா, கான்கிரீட்ல கட்டலாமா?" என்ற கேள்வியோடுதான் பலரும் வீட்டு வேலையைத் தொடங்குகிறார்கள். முழு வீட்டுக்கும் ஒரே பொருள் என்று நினைப்பதில்தான் வீண் செலவு தொடங்குகிறது. கடக்காலுக்கு (அஸ்திவாரத்துக்கு) ஏற்றது சுவருக்கு ஏற்காது, சுவருக்கு ஏற்றது தளத்துக்கு ஏற்காது. கீழிருந்து மேலே, பாகம் பாகமாக முடிவு செய்யுங்கள். முதல் முடிவை மண் சொல்லட்டும்.

குழி தோண்டிப் பார்ப்பது

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறை ஒரே ஆழத்தில் கிடப்பதில்லை. முப்பதுக்கு நாற்பது மனையிலேயே ஒரு மூலையில் 2 அடியில் கடப்பாரை 'ணங்' என்று பாறையில் தட்டும். எதிர் மூலையில் 7 அடி போனாலும் செம்மண்ணும் சரளை கலந்த மொரம்பும்தான் வரும். அதனால் நான்கு மூலையிலும் நடுவிலுமாக 5 குழி போடுங்கள். ஆள் இறங்கி நிற்கும் அகலம், குறைந்தது 5 அடி ஆழம் வேண்டும். ஒவ்வொரு குழியிலும் எந்த ஆழத்தில் மண் மாறுகிறது என்று சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அளந்து எழுதி வையுங்கள். ஜே.சி.பி.க்கு அரை நாள் வாடகைதான் ஆகும்.

எல்லாக் குழியிலும் 3, 4 அடிக்குள் கெட்டி மொரம்போ பாறையோ வந்தால் நல்ல மனை. தரைத்தளமும் ஒரு மாடியும் சுவரே சுமை தாங்கும் முறையில் எழும்பும், தூண் தேவையில்லை. பாதி பாறை, பாதி மண் என்றால்தான் கவனம் வேண்டும். பாறை மேல் நிற்கும் பாகம் அசையாது, மண் மேல் நிற்கும் பாகம் முதல் இரண்டு மழைக்காலத்தில் கொஞ்சம் இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் சுவரில் படிக்கட்டு போலச் சாய்வாக விரிசல் ஓடும். அதை எத்தனை முறை பூசினாலும் திரும்ப வரும். எல்லாப் பக்கமும் பாறை வரைக்கும் இறங்குவதுதான் வழி. ஆழமான குழிகளைப் பாறையிலிருந்து 1:4:8 (சிமென்ட் 1, மணல் 4, ஜல்லி 8) கான்கிரீட்டால் நிரப்பி மட்டத்துக்குக் கொண்டுவந்து, மேலே எல்லாவற்றையும் பிளிந்த் பீமால் (சுவர் தொடங்கும் மட்டத்தில் ஓடும் கம்பி போட்ட கான்கிரீட் பீம்) பிணைக்க வேண்டும்.

கறுப்பு மண் என்றால் கல் கடக்கால் மட்டும் போதாது. கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்து, மழையில் உப்பும் மண் அது. வெடிப்பு எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்து, அதற்கும் கீழே தனித்தனி கான்கிரீட் பாதம் போட்டுத் தூணும் பீமும் எழுப்ப வேண்டும். மூடிய பழைய கிணறு மனைக்குள் இருக்கிறதா என்று பக்கத்து நிலத்துப் பெரியவர்களிடம் கட்டாயம் கேளுங்கள். கிணறு மேல் எந்தச் சுவரும் வரக் கூடாது. மாற்ற இடமில்லை என்றால் பொறியாளர் கணக்குப் போட்ட பீம் அதைத் தாண்டிச் செல்ல வேண்டும்.

கருங்கல்லை விட்டுவிடாதீர்கள்

ஊரைச் சுற்றிக் கருங்கல் இருக்கும்போது தரைக்குக் கீழே அதைவிட நல்ல பொருள் இல்லை. ஈரத்தில் அழுகாது, துருப்பிடிக்காது, கரையான் தொடாது. இப்போது 600 சதுர அடி வீட்டுக்குக்கூடப் பத்துத் தூண் நிறுத்துகிறார்கள். மொரம்பு மண்ணில் ஒரு மாடிக்கு மேல் போகாத வீட்டுக்கு அந்தக் கம்பிச் செலவு தேவையே இல்லை.

கடக்கால் அகலம் 9 அங்குலச் சுவருக்குக் குறைந்தது இரண்டரை அடி. அடியில் ஒன்றரை அங்குல ஜல்லி போட்டு 1:4:8 கான்கிரீட் 6 அங்குலம், அதன் மேல் படிப்படியாகக் குறைந்து ஒன்றேகால், ஒன்றரை அடி அகலத்தில் பேஸ்மட்டம். கல்லைக் கலவையில் உட்கார வைத்துக் கட்ட வேண்டும். வெறுங்கல்லை அடுக்கிவிட்டு மேலே கலவையை ஊற்றினால் அது இறங்காது, உள்ளே பொந்து நிற்கும்.

கல் கட்டில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. வெளிப் பக்கம் ஒரு வரிசை, உள் பக்கம் ஒரு வரிசை, நடுவில் சில்லுக் கல் என்று கட்டிவிடுவார்கள். பார்க்க ஒரே சுவர் போல இருக்கும், உண்மையில் இரண்டு மெல்லிய சுவர். பாரம் ஏறும்போது வயிறு தள்ளும். சுவரின் முழு அகலத்துக்கும் ஓடும் நீளக் கல்லை உயரத்தில் 2 அடிக்கு ஒரு வரிசையும், அந்த வரிசையில் 4 அடிக்கு ஒன்றுமாக வைக்கச் சொல்லுங்கள். அவ்வளவு நீளக் கல் கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் கம்பி வைத்த கான்கிரீட் துண்டு வைக்கலாம்.

பர்கூர்ப் பக்கம் கிரானைட் ஆலைக் கழிவுத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். மிஷினில் அறுத்த வழவழப்பான முகத்தில் கலவை பிடிக்காது. உடைந்து சொரசொரப்பான முகம் மேலும் கீழும் வருமானால் மட்டும் வாங்குங்கள்.

கல் பலகைக் கூரையையும் சிலர் கேட்கிறார்கள். மல்லசந்திரம் குன்றில் பெருங்கற்காலக் கற்திட்டைகள் இன்னும் பலகைக் கல்லைச் சுமந்து நிற்பதைப் பார்க்கும்போது ஆசை வருவது இயல்புதான். ஆனால் அங்கே கல் தாண்டும் தூரம் எவ்வளவு குறைவு என்பதையும் பாருங்கள். கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது, உடையும் முன் எச்சரிக்கையும் தராது. 8 அடி நீளம், 2 அடி அகலம், 4 அங்குல கனமுள்ள ஒரு பலகை 400 கிலோவுக்கு மேல் எடை. ஆட்டுக் கொட்டகை, பம்புசெட் அறை, 5 அடி நடை, திண்ணைக்கு மேல் என்றால் சரி. படுக்கையறைக்கு மேல் வேண்டாம்.

இந்த மாவட்டங்கள் 2016 நிலநடுக்க விதிநூலின்படி மண்டலம் 3. சுவர் சுமை தாங்கும் வீடு என்றால் பேஸ்மட்டத்தின் மேல் ஒரு கான்கிரீட் பெல்ட், லிண்டல் மட்டத்தில் (கதவு, ஜன்னலுக்கு மேல்) இன்னொன்று, எல்லாச் சுவரிலும் அறுபடாமல் சுற்றி வர வேண்டும். 4 அங்குல உயரம், 10 மி.மீ. கம்பி 2 போதும். ஜன்னல் மேல் மட்டும் துண்டு துண்டாக லிண்டல் போடுவது பெல்ட் ஆகாது.

சுவர்: ஒரு கல்லின் விலையைப் பார்க்காதீர்கள்

100 சதுர அடிச் சுவருக்கு 9 அங்குலச் செங்கல் கட்டானால் சுமார் 1,000 கல் வேண்டும். பதினாறுக்கு எட்டு அங்குலக் கான்கிரீட் பிளாக் என்றால் 113. இரண்டடி நீள ஏ.ஏ.சி. பிளாக் (உள்ளே காற்றுத் துளைகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) என்றால் 75. கல், கலவை, கொத்தனார் கூலி, இரு பக்கப் பூச்சு எல்லாம் சேர்த்து 100 சதுர அடிக்கு என்ன ஆகிறது என்று மேஸ்திரியிடம் எழுதி வாங்குங்கள். அப்போதுதான் ஒப்பிட முடியும்.

எடையும் பணம்தான். அந்த 100 சதுர அடி 9 அங்குலச் செங்கல் சுவர் பூச்சு இல்லாமலே 4 டன். 6 அங்குல சாலிட் பிளாக் (உள்ளே பொந்து இல்லாத கான்கிரீட் பிளாக்) 3 டன் சொச்சம். 8 அங்குல ஏ.ஏ.சி. ஒன்றேகால் டன்னுக்குள். தூண்–பீம் வீட்டில் இந்த எடை முழுவதையும் பீம்தான் சுமக்கிறது. அதனால் மாடிமேல் மாடி போகிறவர்களுக்கு ஏ.ஏ.சி. கம்பியையும் மிச்சப்படுத்தும். சுவரே சுமை தாங்கும் வீட்டுக்கு ஏ.ஏ.சி. வேண்டாம், அதன் தாங்குதிறன் குறைவு.

செங்கல்லைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. இரண்டை எடுத்துத் தட்டினால் வெண்கலச் சத்தம் வர வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. ஒன்றை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். கூடிய எடை 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்தச் சுமையைத் திருப்பி அனுப்புங்கள். மேட்டூர் அனல் மின் நிலையம் அருகில் இருப்பதால் சாம்பல் கல்லும் நன்றாகக் கிடைக்கிறது. அளவு சீராக இருக்கும், பூச்சுக் கலவை குறையும்.

ஓசூர், சூளகிரிப் பக்கம் சாலிட் பிளாக் இல்லாமல் வேலையே இல்லை. அதில் வரும் விரிசலுக்கு முக்கியக் காரணம் பிளாக்கின் வயது. அச்சில் போட்ட பிளாக்குக்கு 14 நாள் தண்ணீர் விட்டு, பிறகு 4 வாரம் நிழலில் உலர்த்திய பிறகே கட்ட வேண்டும். கான்கிரீட் உலரும்போது சுருங்கும். அந்தச் சுருக்கம் களத்திலேயே முடிந்துவிட வேண்டும், உங்கள் சுவரில் நடக்கக் கூடாது. பத்தாம் நாள் லாரியில் ஏறி வரும் பிளாக், பூச்சு முடிந்த மூன்றாம் மாதம் ஜன்னல் மூலையிலிருந்து கோடு இழுக்கும். வாங்கும் இடத்தில் தேதி எழுதிய அடுக்கைக் கேளுங்கள். ஒன்றை உடைத்துப் பாருங்கள், நடுவில் கருமையாக ஈரம் தெரிந்தால் அது இன்னும் காயவில்லை.

செங்கல் பழக்கத்தில் கான்கிரீட் பிளாக்கையும் ஊறவைத்துக் கட்டும் கொத்தனார்கள் இருக்கிறார்கள். செங்கல்லை ஊறவைப்பது சரி, இல்லாவிட்டால் அது கலவையின் நீரை உறிஞ்சிவிடும். கான்கிரீட் பிளாக்கை ஊறவைத்தால் மறுபடி ஊதி மறுபடி சுருங்கும். மேல் முகத்தில் லேசாகத் தெளித்தால் போதும். கலவையில் சிமென்ட்டும் 1:6க்கு மேல் (சிமென்ட் 1, மணல் 6) அதிகம் வேண்டாம். கலவை பிளாக்கைவிட வலுவானால் விரிசல் இணைப்பில் நிற்காமல் கல்லையே பிளக்கும். கான்கிரீட் தூணும் பிளாக் சுவரும் சேரும் கோட்டில் பூச்சுக்கு முன் இரு பக்கமும் 6 அங்குலம் படியும்படி கோழிவலை அடியுங்கள்.

செம்மண் வளமான இடத்தில் சிமென்ட் கலந்து அழுத்திய மண் கல்லும் நல்ல தேர்வு, தர்மபுரி வெயிலுக்கு வீடு குளிர்ச்சியாக இருக்கும். மணல் அதிகமும் களி குறைவுமான மண், 5 முதல் 8 சதவீதம் சிமென்ட், 3 வாரம் ஈரச் சாக்கு மூடி வைப்பது, கூரை விளிம்பு இரண்டடி வெளியே நீட்டுவது. இதில் எதையும் விட முடியாது.

தளம்: இங்கே கான்கிரீட்தான்

10 முதல் 14 அடி அகல அறைக்குக் கம்பி போட்ட கான்கிரீட் தளத்தை மிஞ்ச எதுவும் இல்லை. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையில் கிழியும். கம்பி இழுவையைத் தாங்கும். வெயிலில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு விரிவதால்தான் பிரியாமல் சேர்ந்து நிற்கின்றன. தளத்தில் கம்பி கீழ்ப்பக்கம் ஓடுவது அங்கேதான் இழுவை என்பதால். சன்ஷேடிலும் பால்கனியிலும் இழுவை மேல்பக்கம்.

இந்த ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்க்காமல் கான்கிரீட் போட விடாதீர்கள். சன்ஷேடு கம்பி மேல்மட்டத்தில் முக்கால் அங்குல மறைப்போடு (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்) இருக்க வேண்டும். கலவைச் சட்டி தூக்கி வருபவர் அதன் மேல் மிதித்தால் கம்பி நடுவுக்கோ அடிக்கோ இறங்கிவிடும். பார்க்கத் தெரியாது. முட்டு எடுக்கும் நாளில் சன்ஷேடு அப்படியே மடங்கி விழும். மேல் கம்பிக்கு அடியில் நாற்காலி போல வளைத்த கம்பியை 2 அடிக்கு ஒன்று வைத்து, நடக்கத் தனிப் பலகை போட்டாலே இந்த ஆபத்து போய்விடும்.

5 அங்குலத் தளம் 100 சதுர அடிக்கு 42 கன அடி கான்கிரீட். 1:1½:3 கலவையில் சிமென்ட் ஒன்பதரை மூட்டை, கம்பி 65 முதல் 90 கிலோ. ஒரு மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டர், எம்.சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஈரமாக இருந்தால் அதிலும் குறைவு. சட்டியில் கலவை வழியவில்லை என்று அரை வாளி கூடுதலாக ஊற்றும் பழக்கம்தான் தளத்தின் வலுவைத் தின்கிறது. அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போன இடம் நுண்துளையாக நிற்கும், அதன் வழியே மழைநீர் கம்பிக்குப் போகும்.

கம்பிக்கு மறைப்பு தளத்தில் 20, பீமில் 25, தூணில் 40, பாதத்தில் 50 மி.மீ. இதற்குக் கவர் பிளாக் தனியாக வாங்குங்கள். ஜல்லித் துண்டை அடியில் சொருகுவது மறைப்பு ஆகாது. அதிர்வில் உருண்டு கம்பி பலகையில் உட்கார்ந்துவிடும், ஏழெட்டு வருடத்தில் அந்த இடத்தில் பூச்சு பொட்டலமாக விழும்.

கம்பி வாங்கும்போது 500 டி (Fe 500D) என்ற தரத்தைக் கேளுங்கள். டி வகை முறியும் முன் கூடுதலாக நீளும், நிலநடுக்கத்தில் அந்த நீட்சிதான் உயிர் காக்கும். எடைபோட்டுச் சோதிப்பது சுலபம். விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 8 மி.மீ.க்கு 0.395, 10க்கு 0.617, 12க்கு 0.888, 16க்கு 1.58. 12 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி ஒன்று 10.66 கிலோ நிற்க வேண்டும். ஒற்றைக் கம்பியில் 6 சதவீதக் குறைவு வரை தரநிலை ஏற்கும், அதாவது 10 கிலோ. 9½ கிலோ நின்றால் அது 12 மி.மீ. அல்ல. எண்ணிக்கைக் கணக்கில் வாங்குபவர்கள்தான் இதில் ஏமாறுகிறார்கள்.

கம்பியோடு கம்பி சேரும் இடத்தில் எம்20 கான்கிரீட்டுக்கு (மேலே சொன்ன 1:1½:3 கலவை) விட்டத்தைப் போல் 57 மடங்கு மேல்படிய வேண்டும், 12 மி.மீ.க்கு இரண்டேகால் அடி. எல்லாக் கம்பியையும் ஒரே கோட்டில் சேர்க்கக் கூடாது. தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கொக்கி செங்குத்தாக மடிந்தால் போதாது, உள்நோக்கி 135 டிகிரி மடிய வேண்டும்.

சிமென்ட் பெரும்பாலும் பி.பி.சி.தான் (சாம்பல் கலந்த சிமென்ட்) வருகிறது. மெதுவாக இறுகும், நாளாக நாளாக வலுக்கும், தளத்துக்கு நல்லது. ஆனால் அதற்குத் தண்ணீர் அதிக நாள் வேண்டும். சாதாரண நாளில் 10, பங்குனி சித்திரை வெயிலில் 14. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், தூணுக்கு ஈரச் சாக்கு சுற்றுங்கள். முட்டு பிரிப்பதற்கு 15 அடிக்குள் உள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14, 20 அடி வரை பீமுக்கு 14 என்பது குறைந்தபட்சக் கணக்கு, அதுவும் ஓ.பி.சி.க்கு (கலப்பில்லாத சாதாரண சிமென்ட்). பி.பி.சி. என்றால் இன்னும் சில நாள் விட்டுப் பிரியுங்கள்.

இங்கே போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், அதில் கான்கிரீட் போடலாமா என்று கேட்பார்கள். பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு, கட்டுமான நீருக்கான தரநிலை வரம்புப் பட்டியலில் இல்லை. பார்க்க வேண்டியது குளோரைடும் சல்பேட்டும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கம்பியை உள்ளிருந்தே துரு தின்னும். ஒரு பாட்டில் நீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எம்.சாண்ட் என்று கிரஷர் பொடியைக் கொட்டிவிட்டுப் போவதும் நடக்கிறது. ஒரு பிடி எடுத்துக் கசக்கி உதறுங்கள். உள்ளங்கையில் மாவு அப்பிக்கொண்டு நின்றால் அது பொடி. அதைக் கலவையில் போட்டால் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இரும்புச் சட்டகம் எங்கே நியாயம்

பழைய சுவர்க் கட்டு வீட்டின் மேல் இன்னொரு அறை எழுப்ப வேண்டும், கடக்கால் எவ்வளவு தாங்கும் என்று உறுதியில்லை. இந்த இடத்தில் இரும்புதான் சரி. 100 சதுர அடிக்கு 5 அங்குலக் கான்கிரீட் தளம் மட்டும் 3 டன். அதே பரப்புக்குப் பைப்பும் தகடும் 150 கிலோவுக்குள் அடங்கும். மிக்ஸரும் ஜல்லி லாரியும் ஏற முடியாத மலைக் கிராமங்களுக்கும், 20 அடிக்கு மேல் தூண் இல்லாத கூடம் கேட்பவர்களுக்கும்கூட இரும்பு பொருந்தும்.

எடை குறைவு என்பதே அதன் பலவீனமும். கோடை மழைக்கு முன் அடிக்கும் காற்று கூரையை மேலே இழுக்கும். தூண் அடித் தகட்டை 4 போல்ட்டால், கான்கிரீட்டில் முன்பே பதித்த கம்பியோடு பிணைக்க வேண்டும். செங்கல் சுவர் மேல் பைப்பை வைத்து நான்கு கல்லால் அழுத்தி விடுவது கட்டுமானம் அல்ல.

பைப்பையும் எடைபோட்டு வாங்குங்கள். இரண்டுக்கு இரண்டு அங்குலச் சதுரப் பைப், 2 மி.மீ. கனம், 6 மீட்டர் நீளம் என்றால் 18 கிலோவை ஒட்டி நிற்கும். 14½ கிலோ நின்றால் கனம் 1.6 மி.மீ.தான். துத்தநாகம் பூசிய பைப்பில் வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும். அங்கே உலோகம் தெரியத் தேய்த்து, துத்தநாகப் பிரைமர் அடிக்காவிட்டால் துரு அங்கிருந்துதான் கிளம்பும். பைப்பின் திறந்த முனைகளைத் தகடு வைத்து அடையுங்கள். தூண் அடியைத் தரைக்கு மேல் 6 அங்குலக் கான்கிரீட் மேடையில் நிறுத்துங்கள், மண்ணில் புதைக்கவே கூடாது. மாட்டுக் கொட்டகையை ஒட்டி என்றால் கூடுதல் கவனம். மாட்டு மூத்திரம் இரும்பை வேகமாக அரிக்கும், அங்கே 3 அடி உயரம் வரை கான்கிரீட் தூணோ கருங்கல் தூணோ வைத்து அதற்கு மேல் இரும்பைத் தொடங்கலாம்.

வெறும் தகட்டுக் கூரை தர்மபுரி, அரூர் வெயிலில் குடியிருக்க ஆகாது. ஓசூர், தளி மேட்டில் கொஞ்சம் பொறுக்கலாம், ஆனால் மழைச் சத்தத்தில் பிள்ளைகள் படிக்க முடியாது. நடுவில் 50 மி.மீ. நுரை உள்ள பஃப் பேனல் போட்டால் வெப்பமும் சத்தமும் இறங்கும். அந்தச் செலவையும் சேர்த்துக்கொண்டு பிறகு கான்கிரீட்டோடு ஒப்பிடுங்கள், பல நேரம் வித்தியாசம் நினைத்த அளவு இருக்காது. பேனல் நுரை தீயில் புகையும் என்பதால் சமையலறைச் சுவரை மட்டும் செங்கல்லிலோ பிளாக்கிலோ கட்டுங்கள்.

கெட்டி மொரம்பில் தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் கருங்கல் கடக்கால், இரண்டு பெல்ட், 9 அங்குலச் செங்கல் அல்லது 8 அங்குல சாலிட் பிளாக் சுவர், 5 அங்குலக் கான்கிரீட் தளம் போதும். கறுப்பு மண்ணோ மூன்று தளமோ என்றால் கான்கிரீட் தூண்–பீம், உள்ளே ஏ.ஏ.சி. சுவர். பழைய வீட்டின் மேல் சேர்ப்பதென்றால் இரும்பு. பாதிப் பாறை மனைக்கு எந்தப் பொருளையும் ஆர்டர் கொடுக்கும் முன், அந்த 5 குழியின் அளவு எழுதிய தாளோடு பொறியாளரைக் குழியில் இறக்கிக் காட்டுங்கள். குழியை அதுவரை மூட வேண்டாம், மழை பெய்தால் சாக்கு போட்டு மூடி வையுங்கள்.